வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள்

இசையை வளர்த்த பெரியோர் பலர். இசைக்காகத் தம் பொருளை வாரி வழங்கிய வள்ளல்களும் பலர். ஆனால், தம்மைப் பாடவிடாத ஒரு சபைக்குத் தம் கைப்பொருளைக் கொண்டே நிலையான இடம் அமைத்துக் கொடுத்து, பின்னர் அவ்விடத்திலேயே பெண்குலம் முழுவதற்கும் பாடும் உரிமையைப் பெற்றுத் தந்தவர் எத்தனை பேர்? நாம் வாழும் இந்நகரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கிச் சென்று, தமிழகத்தில் புகழ் நாட்டி, காவிரிக் கரையில் கண்மூடிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஆண்டு விழா மலரின் வாயிலாகச் சங்கத்து அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைத்தட்டும் பெண் குரலும்

ஒரு காலத்தில் பாடகரின் குரல் அவருடைய மூச்சோடு மறைந்தது. இந்நிலையை மாற்றியது கிராமபோன் பெட்டி. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து இந்திய இசையைத் தட்டுகளில் பதியத் தொடங்கினார். அப்போது முன்வந்து பாடியவர்களுள் தலைசிறந்தவர் கௌஹர் ஜான் என்னும் அம்மையார். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். அன்று தட்டுகள் கடல் கடந்து ஜெர்மனி நாட்டிற்குச் சென்று அச்சாயின. பாடியவர் யார் என்பதை அங்குள்ளோர் அறிய அது உதவிற்று. இந்த அம்மையார் தம் இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனை வித்வாம்சினியாக இருந்து, 1930-ஆம் ஆண்டு ஜனவரியில் மைசூரிலேயே மறைந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

குலப் பெருமையும் சமூக மதிப்பும் உடைய குடும்பத்துப் பெண்கள் பொதுமேடைக்கு வராத காலம் அது. ஆகவே, இசைத்தட்டில் முதலில் ஒலித்த பெண் குரல்கள் பெரும்பாலும் தேவதாசி குலத்தவருடையனவும், வடநாட்டில் அதனை ஒத்த ஆடல் பாடல் மகளிருடையனவுமாக இருந்தன. ஊர் அவர்களுடைய பாட்டை விரும்பிற்று. அவர்களை வீட்டிற்குள் அழைக்க மட்டும் தயங்கிற்று.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. அமெரிக்க நாட்டில் அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களின் வழித்தோன்றல்கள், வயல்வெளியிலும் தேவாலயத்திலும் தெருமுனையிலும் பாடிய பாட்டிலிருந்து ப்ளூஸ், ஜாஸ் என்னும் இருவகை இசைகள் முளைத்தன. ப்ளூஸ் என்பது துயரத்தைத் துயரமாகவே பாடும் முறை. ஜாஸ் என்பது ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு கலைஞர்கள் அவ்வப்போது தம் கற்பனையால் விரித்து வாசிக்கும் முறை. நம்முடைய நிரவலையும் கல்பனாசுரத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த மனோதர்மம் புதியதன்று. 1920-ஆம் ஆண்டில் மாமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி பாடிய ப்ளூஸ் தட்டு எதிர்பாராத அளவில் விற்கவே, தட்டு நிறுவனங்கள் அவ்வினத்துப் பெண்களை நாடி ஓடின.

அவர்களுள் முடிசூடா அரசியாக விளங்கியவர் பெஸ்ஸி ஸ்மித். 1894-ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்துச் சட்டநூகா நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் தட்டு பல லட்சக்கணக்கில் விலைபோயிற்று. 1925-இல் அவர் பாடிய பாட்டுக்களுக்கு, ஜாஸ் இசையின் முன்னோடியாகிய லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்னும் ஊதுகுழல் வாசித்தார். இத்தனைப் புகழ் இருந்தும் வெள்ளையர் நடத்திய விடுதிகளில் தங்க அவருக்கு இடமில்லை. ஆகவே, தம் குழுவினர் உண்டு உறங்கிப் பயணம் செய்யத் தமக்கெனத் தனியாக ஒரு ரயில் பெட்டியையே அவர் வாங்கிக்கொண்டார். ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இச்செய்தியைப் படித்தபோது பெருமையும் வருத்தமும் ஒருங்கே எழுந்தன. 1937-ஆம் ஆண்டு செப்டம்பரில் மோட்டார் விபத்தொன்றில் அவர் இறந்தார். பிலடெல்பியா நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு இறுதி மரியாதை செய்தனர். ஆயினும், அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல் வைப்பதற்கு 33 ஆண்டுகள் ஆயின. 1970-இல் அதனை வைத்தவர்கள், அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு பாடகியும், சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டில் வேலை செய்த ஓர் அம்மையாரும் ஆவர்.

பாடியவருக்குக் கல் நாட்டுவது யார் கடமை என்னும் கேள்வி இங்கே பிறக்கிறது. அக்கேள்விக்கு நம் நாட்டில் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

கபிலைக் கரையில் பிறப்பு

மைசூருக்குத் தெற்கே, கபிலை ஆற்றங்கரையில் நஞ்சுண்டேசுவரர் கோயில் கொண்டிருக்கும் திருத்தலம் நஞ்சன்கூடு. அவ்வூரில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் நாகரத்தினம்மாள் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி குலத்தவர். தந்தையார் சுப்பாராவ், வழக்கறிஞர். தந்தை விரைவில் கைவிட்டமையால், தாய் குழந்தையுடன் மைசூருக்குச் சென்று, அரண்மனைப் புலவர் கிரிபட்ட திம்மய்யா என்பவருடைய ஆதரவில் வாழ்ந்தார். அப்பெரியவரிடம் சிறுமி வடமொழி பயின்றாள். அவளுடைய அறிவுக் கூர்மை வியப்பை மட்டுமின்றிப் பொறாமையையும் விளைத்தது போலும். நாளடைவில் அவ்வாதரவும் நின்றது.

மீண்டும் திக்கற்று நின்ற தாய் மனந்தளரவில்லை. மகளை இசையிலும் நாட்டியத்திலும் ஒப்பற்றவளாக்கிக் காட்டுவதே தன் நோன்பு என்று கொண்டார். வயலின் வாசிப்பதில் வல்லவரான உறவினர் வேங்கடசாமியப்பா துணை நின்றார். கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் சிறுமி கற்றாள். இசை பயிற்றிய ஆசிரியர் முனிசாமப்பா. இவர் தியாகராஜ சுவாமிகளின் சீடர் வழியில் வந்தவர். சுவாமிகளிடம் நேரில் பயின்ற வாலாஜாபேட்டைச் சீடர்களின் பாடம் இவர் வழியாக இச்சிறுமியின் நாவில் வந்து தங்கியது. பிற்காலத்தில் திருவையாற்றில் அம்மையார் செய்த தொண்டின் வேர் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

பதினைந்தாம் வயதில் அரங்கேறினார். மைசூர் அரண்மனை அவரைப் போற்றியது. ஆனால், மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1894-ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். அரசரின் நிழல் நீங்கவே, நாகரத்தினம்மாள் பெங்களூருக்கு வந்தார்.

பெங்களூரும் சென்னையும்

பெங்களூரில் அவரை ஆதரித்தவர் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி நரஹரி ராவ். பசவனகுடிக்கு அருகே ஒரு குன்றின் மேல் அவர் கட்டிய இல்லத்திற்கு மௌண்ட் ஜாய் என்று பெயர். இன்று ஹனுமந்தநகரில் குமாரசுவாமி கோயில் விளங்கும் குன்று அதுவே. நரஹரிராயர் குன்று என்று சொல்வோரும் உளர். அங்கே சஷ்டிக்குச் செல்லும் தமிழன்பர்களுள் எத்தனை பேர், ஒரு காலத்தில் நாகரத்தினம்மாளின் பாட்டைக் கேட்ட குன்று அது என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்!

கலைக்குரிய பெருநகரம் சென்னையே என்று கண்டு, அங்கே செல்லுமாறு தூண்டியவரும் நரஹரி ராவே. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை 1864-ஆம் ஆண்டிலேயே இருப்புப் பாதை திறக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பெல்லாம் ஒரு கலைஞர் ஓர் அரசரின் ஆதரவை நம்பி ஓரிடத்திலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. ரயில் வந்த பிறகு, ஓர் ஊரில் திருமணக் கச்சேரி, மறுவாரம் வேறோர் ஊரில் கோயில் விழா, அதன்பின் ஒரு ஜமீன் மாளிகை என்று பல ஊர்களில் பாடிப் பொருளீட்ட முடிந்தது. அரசர் ஒருவர் மறைந்தால் கலைஞரின் வாழ்வும் சாயும் என்னும் நிலை நீங்கிற்று. இம்மாறுதலை முழுவதும் பயன்படுத்திக்கொண்டவர் நாகரத்தினம்மாள். திருவிதாங்கூர், பொப்பிலி, விஜயநகரம் முதலிய சமஸ்தானங்கள் அவரை அழைத்துச் சிறப்பித்தன. சென்னையில் ராஜரத்தின முதலியார் என்னும் செல்வர் ஆதரவளித்தார். இசைத்தட்டு நிறுவனத்தார் அவர் குரலைத் தொடக்க காலத்திலேயே பதிவு செய்தனர். அத்தட்டுகளுள் சில இன்றும் கணிப்பொறி வழியாகக் கேட்கக் கிடைக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே கேட்பினும், அழுத்தமும் கம்பீரமும் பொருந்திய குரல் அது என்பது விளங்கும்.

கச்சேரியோடு ஹரிகதை செய்வதிலும் அவர் வல்லவர். வித்யாசுந்தரி முதலிய பட்டங்கள் அவரை அடைந்தன. சென்னையில் வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர் அவரே என்று கூறுவர். தமக்கு வந்த பொருளின் கணக்கை ஒரு பெண் தாமே வைத்து, தாமே வரியும் கட்டினார் என்பது அக்காலத்தில் சிறு செய்தியன்று. சென்னைக்குச் சென்ற பிறகும் ஊர்ப் பெயரை அவர் விட்டுவிடவில்லை. மேடையிலும் தட்டிலும் நூலிலும் அவர் பெங்களூர் நாகரத்தினம்மாளாகவே விளங்கினார்.

ஒரு நூலுக்காக எழுந்த குரல்

அம்மையாரின் துணிவு முதன்முதலாக வெளிப்பட்டது இசையில் அன்று, இலக்கியத்தில். தஞ்சையைப் பிரதாபசிம்ம மன்னர் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்னும் அரண்மனை நங்கை தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்னும் காவியத்தைப் பாடினார். ராதையின் ஊடலையும் கண்ணன் அதைத் தணிப்பதையும் கூறுவது அந்நூல். பின்னாளில் அது அச்சேறியபோது, பதிப்பித்தவர்கள் சில செய்யுட்களை நீக்கியதோடு, நூல்முகத்தில் ஆசிரியை தம் பெண்வழி மரபைப் பெருமையுடன் கூறிய பகுதியையும் விட்டுவிட்டனர். தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தச் செம்மலாகிய கந்துகூரி வீரேசலிங்கம் அந்நூலையும் ஆசிரியையையும் கடுமையாகப் பழித்து எழுதியிருந்தார்.

நாகரத்தினம்மாள் மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, ஒன்றும் குறைக்காமல், 1910-ஆம் ஆண்டில் சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டார். முன்னுரையில் அவர் எழுப்பிய வினா எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஆண் புலவர்கள் சிருங்காரம் பாடினால் கல்வியுலகம் தலையசைக்கிறது. ஒரு பெண் பாடினால் மட்டும் நாணமற்றவள் என்கிறது. நாணம் ஒரு பாலார்க்கு மட்டும் உரிய குணமோ என்பதே அவர் கேட்டதன் சாரம்.

விடைக்குப் பதிலாக வந்தது தடை. 1911-இல் ஆங்கில அரசாங்கம் அந்நூல் ஆபாசமானது என்று முடிவு செய்து பிரதிகளைக் கைப்பற்றியது. புலவர் பலர் நூலுக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. அத்தடை நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 1947-ஆம் ஆண்டில், தங்குதூரி பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது தடை நீக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்து அந்த நன்னாளை அம்மையார் கண்ணாரக் கண்டார்.

திருவையாற்றுச் சமாதி

தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் திருவையாற்றில் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவரை அடக்கம் செய்த இடத்தில் சிறு பிருந்தாவனம் ஒன்று அமைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, சீடர்கள் பல ஊர்களில் வாழ்ந்தமையால், அது கவனிப்பாரற்றுப் புதர் மண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரத்துச் சீடர்கள் அதனைத் தேடிக் கண்டு செப்பனிட்டனர். பின்னர்த் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆராதனையை விழாவாக நடத்தத் தொடங்கினர். அவர்களுக்குள் பிணக்கு நேர்ந்து, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. இரண்டு கட்சிகளும் ஆண்டுதோறும் போட்டியிட்டுக் கச்சேரி நடத்தின. விருந்தும் பாட்டும் குறைவின்றி நடந்தன. ஆனால், சுவாமிகள் துயிலும் அந்த இடத்திற்கு ஒரு கோயிலோ மண்டபமோ எழவில்லை.

1921-ஆம் ஆண்டில் அவ்விடத்தின் அவல நிலை பற்றிய செய்தி அம்மையாருக்கு எட்டியது. தாம் கற்ற பாட்டும் பெற்ற புகழும் உண்ட உணவும் சுவாமிகளின் கீர்த்தனங்கள் தந்தவை என்று எண்ணினார். சுவாமிகளே கனவில் தோன்றிப் பணித்ததாகவும் கூறுவர். கனவு எவ்வாறாயினும், அவர் செய்த காரியம் பகலில், கணக்கோடும் பத்திரத்தோடும் செய்யப்பட்டது. அதிகாரிகளை அணுகி நிலத்தைப் பெற்றார். தம் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டு சமாதியின் மேல் கோயில் எழுப்பினார். சுவாமிகளின் திருவுருவத்தை நிறுவினார். அடியார்கள் அமர்ந்து பாட மண்டபம் அமைத்தார். 1920-களின் நடுவில் குடமுழுக்கு நடைபெற்றது. சுவாமிகளின் புகழை நூற்றெட்டு நாமங்களாக வடமொழியில் அவரே இயற்றி, அர்ச்சனைக்கு வழங்கினார்.

பெண்கள் கட்சி

கோயில் எழுந்தது, கட்டியவருக்கு அங்கே பாட இடமில்லை. நாகரத்தினம்மாள் அங்கே ஹரிகதை செய்ய விரும்பியபோது, பெரிய கட்சியும் இசையவில்லை. சின்னக் கட்சியும் இசையவில்லை. எல்லாவற்றிலும் மாறுபட்டு நின்ற இரு கட்சிகளும் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டு நின்றன. பெண், அதிலும் தேவதாசி, ஆராதனை மேடையில் அமரலாகாது என்பதே காரணம்.

வேறொருவராயின் மனங்கசந்து விலகியிருப்பர். அல்லது, இடம் என்னுடையது என்று கதவை அடைத்திருப்பர். அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. 1927-ஆம் ஆண்டு முதல், சமாதியின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தனியே கச்சேரிகள் நடத்தினார். முன்புறத்தில் ஆண்கள் பாட, பின்புறத்தில் பெண்கள் பாடினர். ஊரார் இதற்குப் பெண்கள் கட்சி என்று பெயரிட்டனர். தேவதாசி குலத்துப் பாடகியர் பல ஊர்களிலிருந்தும் வந்து கலந்துகொண்டனர். கற்சிலையின் முன் நின்று பாடினால் என்ன, பின் நின்று பாடினால் என்ன? சுவாமிகளின் செவிக்கு இரண்டும் ஒன்றே என்பதை ஆண்டுதோறும் பாடியே மெய்ப்பித்தார். இவ்வாறு பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் சென்றன.

இறுதியில், ஐ.சி.எஸ். அதிகாரியாகிய எஸ். ஒய். கிருஷ்ணசுவாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. 1941-ஆம் ஆண்டு ஆராதனை ஒரே விழாவாக நடந்தது. பெண்கள் முன்புறத்திற்கு வந்து பாடினர். இன்று பஞ்சரத்ன கீர்த்தனங்களை நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து ஒரே குரலில் பாடுவதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காண்கிறோம், கேட்கிறோம். அந்த வரிசைக்குப் பின்னே இந்த அம்மையாரின் நெடிய பொறுமை இருக்கிறது.

குலமும் கலையும்

அம்மையாரின் வாழ்க்கையில் கருத்து வேறுபாட்டுக்கு இடமான ஒரு பகுதியும் உண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. பெண்கள் கட்சி தோன்றிய அதே 1927-ஆம் ஆண்டில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயாரும் அம்மரபைச் சேர்ந்தவரே. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, பின்னர் இழிந்த வாழ்வில் தள்ளும் கொடுமையை நேரில் அறிந்தவர் அவர். நாகரத்தினம்மாளோ, சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கத்தின் தலைவியாக நின்று அதனை எதிர்த்து விண்ணப்பம் செய்தார். ஒரு குலத்துப் பெண்கள் அனைவரையும் ஒரே பழிச்சொல்லால் சுட்டுவது அநியாயம். கல்வியும் கலையும் சொத்துரிமையும் பெற்று வாழ்ந்த மரபு அது. தேவை அறிவூட்டலே என்பது அவர் பக்கத்தின் வாதம்.

முடிவில் 1947-ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. சிறுமிகளைக் காக்க அது தேவையே என்பதை இன்று மறுப்பார் இல்லை. ஆயினும், பாட்டும் பரதமும் புதிய கைகளுக்கு மாறியபோது, அவற்றைப் பல தலைமுறைகளாகக் காத்தவர்களின் பெயர்கள் மெல்ல மறைக்கப்பட்டன என்பதும் உண்மை. நாகரத்தினம்மாள் அஞ்சியது இதற்கே. ஒருவர் குழந்தைகளுக்காகப் பேசினார். மற்றவர் மூதாட்டியருக்காகப் பேசினார். இருவர் பேச்சிலும் நீதி இருந்தது.

உயிலும் முடிவும்

இறுதி ஆண்டுகளை அம்மையார் திருவையாற்றிலேயே கழித்தார். செல்வத்தோடு வாழ்ந்தவர், துறவியைப் போல எளிமையாகச் சமாதிக்குப் பணிசெய்து வாழ்ந்தார். 1949-ஆம் ஆண்டில் உயில் எழுதி, தம் உடைமைகளைச் சமாதிக்கும் பூசைக்கும் உரியதாக ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். அவ்வுயிலில் ஒரு நிபந்தனை உண்டு. ஆராதனையில் பெண்கள் பாடுவதையும் வழிபடுவதையும் யாரும் தடுத்தல் கூடாது என்பதே அது. பெற்ற உரிமையை எழுத்தில் பூட்டி வைத்தாலன்றி நிலைக்காது என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்திருந்தது.

1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுப்பப்பட்டது. கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவர் திருவுருவம் சுவாமிகளின் திருமுன்னை நோக்கியிருக்கிறது. பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லுக்கு 33 ஆண்டுகள் ஆயின. தமக்கு முன் பாடியவருக்குக் கோயிலெடுத்த நாகரத்தினம்மாளுக்கோ, அந்தக் கோயிலின் நிழலிலேயே இடம் கிடைத்தது.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1968-ஆம் ஆண்டில், சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற எம். எஸ். சுப்புலட்சுமியும் தேவதாசி மரபில் வந்த தாயாரின் மகளே. பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடியவரே. பின்புறத்தில் தொடங்கிய பாட்டு, தலைமை மேடையை அடைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நமக்கு ஒரு சொல்

அன்பர்களே, பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்தவர்கள் நாம். ஆலையிலும் அலுவலகத்திலும் ரயில் நிலையத்திலும் உழைத்து, மாலையில் ஒன்றுகூடித் தமிழ் வளர்க்கச் சங்கம் கண்டோம். நாகரத்தினம்மாளோ நம் வழிக்கு எதிர்வழியில் சென்றவர். கன்னட நாட்டில் பிறந்து, தெலுங்குக் கீர்த்தனங்களைப் பாடி, தமிழ் மண்ணில் வேரூன்றியவர். இன்ன மொழியார் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. அவரை ஒதுக்கியது வேறொன்று. நஞ்சன்கூட்டில் ஓடும் கபிலை, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து, திருவையாற்றைத் தொட்டுச் செல்கிறது. அந்நீரை எந்தக் கரையில் அள்ளினும் அது ஒரே நீர்தான். இரு மாநிலத்தாரும் அந்நீரைக் குறித்து மனம் வேறுபடும் காலங்களில், இந்த அம்மையாரை நினைத்துக்கொள்வது இருசாராருக்கும் நலம் பயக்கும்.

மற்றொன்றும் சொல்ல விழைகிறேன். நம்மைப் போன்ற சங்கங்களின் ஆண்டு விழாக்களில், பெண் பிள்ளைகள் மேடைக்கு வருவது பெரும்பாலும் கடவுள் வாழ்த்துப் பாடத்தான். பாடி முடித்ததும் அவர்கள் இறங்கிவிடுகின்றனர். அதன்பின் தலைவரும் செயலாளரும் சிறப்பு விருந்தினருமாக ஆண்களே மூன்று மணி நேரம் வீற்றிருக்கிறோம். கோலமிட்டு, விருந்து சமைத்து, குழந்தைகளுக்கு ஒத்திகை பார்த்து, விழா நடைபெறுவதற்குரிய இடத்தையே ஆக்கித் தருபவர்கள் நம் வீட்டுப் பெண்கள். சமாதியைக் கட்டியவரைப் பின்புறத்தில் நிறுத்திய பழங்கதையை நாம் அறியாமலே திரும்ப நடத்தலாகாது. வரும் ஆண்டு விழாவில் முழுக் கச்சேரி ஒன்று நம் சங்கத்துப் பெண்களுடையதாக இருக்கட்டும். நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு உரிய இடம் இருக்கட்டும். இந்நகரின் பெயரைத் திருவையாறு வரை சுமந்து சென்ற அந்த அம்மையாருக்கு நாம் நாட்டக்கூடிய கல் அதுவே.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் சங்கம்!